கூகை என்னை என்னவாக நினைத்தது? (விவாத இழை)

கூகைத்தோழி எழுதியது:

இந்தக் களத்தைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. சென்ற ஆண்டு ஒரு மாலையில், நான் பணிபுரியும் பழைய கட்டடத்தின் பின்சுவரோரம், கிழிந்த தலையணையிலிருந்து உதிர்ந்த பஞ்சு போல ஏதோ கிடந்தது. காலால் ஒதுக்கப் போனேன், பஞ்சு சீறியது. குனிந்து பார்த்தால், இதய வடிவ முகவட்டு அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்த, ஆந்தை இனமான ஒரு கூகைக் குஞ்சு, மல்லாந்து கிடந்து இரு கால் நகங்களையும் என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டாவில் பொதிந்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மூன்று மாதங்களுக்குச் சற்று மேலாக அது என்னுடன் இருந்தது. பகலெல்லாம் அலமாரியின் மேல் தட்டில் ஒற்றைக் காலில் நின்று உறங்கும். பொழுது சாய்ந்ததும் தலையை இடமும் வலமும், பிறகு வட்டமாகவும் அசைத்து அறையை அளக்கும். அடுத்த நொடி, சிறகோசை சிறிதுமின்றி என் தோளில் அமர்ந்திருக்கும். என் காதுமடலின் ஓரத்தை அலகின் நுனியால், கடிக்காமல், மெல்ல மெல்லக் கோதிவிடும். வீட்டுக்கு வேறு யார் வந்தாலும் இறக்கைகளை விரித்து உடலை இருமடங்காகப் பெருக்கிக் காட்டிச் சீறும். முதல் வாரத்திற்குப் பிறகு என்னைப் பார்த்து அது சீறியதே இல்லை. என்னை மிகவும் உருக்கியது வேறொன்று. எலியைக் கொடுத்தால், சில இரவுகளில், தான் உண்ணாமல் அலகில் கவ்வியபடி என்னிடம் நடந்து வந்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

இறக்கைகள் முற்றியபின் ஓர் இரவில் சன்னலைத் திறந்து வைத்தேன். அதன் பிறகும் பத்தொன்பது இரவுகள் அது சன்னலுக்கு வந்து, வைத்த இரையை எடுத்துச் சென்றது. இருபதாவது இரவில் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

நான் கேட்க விரும்புவது ஒன்றே. அந்தப் பறவைக்கும் எனக்கும் இடையில் இருந்தது உறவுதானா, அல்லது உறவென்று நான் மட்டும் நம்பிக்கொண்டிருந்த ஒன்றா? தயவுசெய்து ஆறுதலுக்காகப் பதில் சொல்லாதீர்கள்.

மறுகரை எழுதியது:

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அம்மா, உறவுதான். ஐயமிருந்தால் கோஸ்டாரிகாவின் சிக்கிரஸ் ஊரில் நடந்ததைப் பாருங்கள். சிட்டோ என்று அழைக்கப்பட்ட ஒரு மீனவர், 1989 வாக்கில், ஆற்றங்கரையில் இடக் கண்ணில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து சாகக் கிடந்த ஒரு முதலையைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார். கோழியும் மீனும் ஊட்டினார். இரவில் அதன் அருகிலேயே படுத்து உறங்கினார். உணவு மட்டும் போதாது, வாழ வேண்டும் என்ற எண்ணம் அதற்கு வரவேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. தேறிய முதலையை ஆற்றில் விட்டுவிட்டு வீடு திரும்பினார்; மறுநாள் அது அவருடைய வீட்டு வாசலில் வந்து கிடந்தது. போச்சோ என்று பெயரிட்டார். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 400 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட அந்த விலங்கின் திறந்த வாய்க்குள் அவர் தலையை வைப்பதும், நீரில் அதனோடு புரண்டு விளையாடுவதும் உலகெங்கும் காணொளிகளில் பரவின. 2011 அக்டோபரில் போச்சோ முதுமையால் இறந்தபோது ஊரே கூடி இறுதிச் சடங்கு நடத்தியது.

இரைக்காக மட்டுமே வந்த விலங்கு இருபது ஆண்டுகளில் ஒருமுறையாவது அந்த வாயை மூடியிருக்காதா? முதலைக்கே இது வாய்க்குமென்றால், பாலூட்டிகளைப் போலவே குஞ்சுகளைப் பேணி வளர்க்கும் கூகைக்கு வாய்க்காது என்று எப்படிச் சொல்வது?

விலங்கு மருத்துவன் எழுதியது:

கூகைத்தோழி அவர்கள் ஆறுதல் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சற்றுத் தயங்கியே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாகக் கால்நடைகளுக்கும், அவ்வப்போது மீட்கப்பட்ட காட்டு விலங்குகளுக்கும் மருத்துவம் பார்த்து வருபவன் நான்.

முதலில் போச்சோ. அதை ஆவணப்படமாக்கிய ரோஜர் ஹாராக்ஸ் என்பவரே ஓர் ஐயத்தை எழுப்பினார்: தலையில் பாய்ந்த குண்டு அந்த விலங்கின் மூளையைச் சேதப்படுத்தி, அதன் இயல்பான தாக்கும் உணர்வை மழுங்கச் செய்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அப்படியானால் உலகம் வியந்த அந்த நட்பின் அடியில் ஒரு காயம் இருக்கிறது. அதே வேளையில், முதலையை உணர்ச்சியற்ற இயந்திரமாகக் கருதுவதும் சரியன்று. விளாதிமிர் டினெட்ஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முதலைகள் விளையாடுகின்றன என்பதற்கான நேரடிக் கவனிப்புகளைத் தொகுத்திருக்கிறார்; நீரில் மிதக்கும் இளஞ்சிவப்புக் காகிதப்பூக்களை வாயில் கவ்விக்கொண்டு திரிவதுகூட அதில் உண்டு. போச்சோவையும் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே காயமும் உண்மையாக இருக்கலாம், விளையாட்டும் உண்மையாக இருக்கலாம்.

இரண்டாவதாக, பழகிய விலங்கு வேறு, வீட்டினமாகிய விலங்கு வேறு. பழகுவது ஒரு தனி விலங்கின் வாழ்நாளுக்குள் நடப்பது. வீட்டினமாவது தலைமுறை தலைமுறையாகக் குருதியில் நடப்பது. மரபியலாளர் திமித்ரி பெலியாயெவ் 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் அருகே வெள்ளி நரிகளைக் கொண்டு தொடங்கிய சோதனையில், மனிதரிடம் மிகக் குறைந்த அச்சம் காட்டிய நரிகளை மட்டுமே தேர்ந்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளுக்குள்ளாகவே வாலாட்டும் நரிகளும், மனிதரைக் கண்டால் சிணுங்கும் நரிகளும், பிறகு தொங்கிய காதும் வெள்ளைத் திட்டுமாக நாயை நினைவூட்டும் நரிகளும் பிறந்தன. கூண்டிலேயே பிறந்து கையிலேயே வளர்ந்த சாதாரண நரி அப்படி ஆவதில்லை. ஜப்பானில் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவும் 2015இல்தான் வந்தது: நாயும் அதன் உரிமையாளரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு கூடுகிறது; மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் அந்த விளைவு காணப்படவில்லை. நாய் நம்மைப் பார்ப்பதைப் போலவே கூகையும் நம்மைப் பார்க்கிறது என்று கொள்ளும்போது, பல்லாயிரம் ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்துவிடுகிறோம்.

நீங்கள் கண்ட செயல்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதைப் பின்னர் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று தெரியவேண்டும். குஞ்சு கிடந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில் காற்றுத்துளையோ பொந்தோ ஏதேனும் இருந்ததா?

எழுத்தாணி எழுதியது:

மருத்துவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் இந்த இழை முழுவதும் எனக்குப் பேகனைத்தான் நினைவூட்டுகிறது. மயில் குளிரில் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் அந்த மன்னன். மயிலுக்குப் போர்வை எதற்கு? அது தோகை விரித்து ஆடியதோ, அகவியதோ, நமக்குத் தெரியாது. பேகனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் உடம்பின் குளிர்தான். காட்டு விலங்கோடு நாம் கொள்ளும் உறவுகள் பெரும்பாலும் இந்தப் போர்வைதான். நமக்குத் தனிமை, ஆகவே அதற்கும் தனிமை. நமக்குப் பிரிவு வலிக்கிறது. ஆகவே அதற்கும் வலித்திருக்க வேண்டும்.

தோழியைக் குறை சொல்லவில்லை. பேகனையும் நாம் குறை சொல்வதில்லை, வள்ளல் என்றுதானே சொல்கிறோம்.

வயலோரம் எழுதியது:

எழுத்தாணி ஐயா, பேகன் கதையைப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்; புறநானூற்றில் பரணர் சொல்வது வேறு. மயில் அதை உடுக்காது, போர்த்திக்கொள்ளாது என்பதை அறிந்திருந்தும் கொடுத்தவன் என்றே அவர் பேகனைப் பாடுகிறார். 141ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். மயிலுக்குப் பயன்படாது என்று தெரிந்தே கொடுத்த போர்வைக்கும், பயன்படும் என்று ஏமாந்து கொடுத்த போர்வைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இரண்டாவது அறியாமை. முதலாவதை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. போர்வையைக் கொடுத்துவிட்டு, பேகன் மயிலைத் தன் அரண்மனைக்குத் தூக்கிச் செல்லவில்லை அல்லவா?

எழுத்தாணி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். பாட்டை மறுபடி படித்தேன். நீங்கள் சொல்வதே சரி. இத்தனை காலம் மேடையில் கேட்டதை வைத்தே பேசியிருக்கிறேன்.

கூகைத்தோழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். அதற்குமுன் வளர்த்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் செய்த பிழையும் இருக்கிறது.

முதல் பத்து நாட்கள் எலும்பு நீக்கிய கோழி இறைச்சியை மட்டுமே சிறு துண்டுகளாக ஊட்டினேன். நன்றாக உண்டது, எடை கூடியது. ஆனால் நிற்கும்போது கால்கள் வெளிப்புறமாக வளைவதைக் கண்டு ஒரு மீட்பு மையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர், பறவை எங்கே கிடைத்தது என்று கேட்பதற்கு முன்பே, "எலும்போடு கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். கூகை தன் இரையை முழுதாக விழுங்கும் பறவை என்பதும், அதன் எலும்பு வளர்வதற்கான சுண்ணச்சத்து அந்த எலியின் எலும்பிலிருந்தே வருகிறது என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு முழு எலிகளைக் கொடுத்தேன். மறுநாளே, செரிக்காத எலும்பையும் மயிரையும் கரிய, ஈரமான, கட்டைவிரல் அளவு உருண்டையாகக் கக்கியது. அதைக் கையிலெடுத்துப் பிரித்தபோது எலியின் மண்டையோடு, பற்கள் உட்பட, உடையாமல் இருந்தது. அருவருப்பாக இருக்கும் என்று எண்ணினேன், இல்லை. கால்களும் நாளடைவில் நேராயின.

சன்னலுக்கு வராமற்போன பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, சன்னலுக்குக் கீழே அப்படி ஓர் உருண்டை கிடந்தது. அதில் நீண்ட மூக்குடைய சிறிய மண்டையோடு ஒன்று இருந்தது; மூஞ்சூறு. மூஞ்சூறு நான் ஒருபோதும் கொடுத்ததில்லை. அது என் கூகைதானா என்பது எனக்குத் தெரியாது. அதை எண்ணி அழுதேன் என்பது மட்டும் தெரியும்.

விலங்கு மருத்துவன் எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அவசரமில்லை, விரும்பும்போது சொல்லுங்கள்.

கால் வளைவைக் கவனித்து உடனே கேட்டீர்களே, அதுவே பறவையைக் காப்பாற்றியது. என்னிடம் வரும் குஞ்சுகளில் பல, வளர்ப்பவரின் அளவற்ற அன்போடும், நிற்க முடியாத கால்களோடும்தான் வருகின்றன.

இப்போது அந்தச் செயல்கள். பறவைக் குஞ்சுகள் கண் திறந்த சில நாட்களில் தம் அருகில் இருப்பவரின் உருவத்தைத் தம் இனத்தின் உருவமாக மனத்தில் பதித்துக்கொள்வதை விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் விரிவாக ஆராய்ந்தார். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். அவர் கையில் வளர்ந்த, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக்டா ஒன்று, வளர்ந்தபின் அவரையே துணையாகக் கருதிப் புழுக்களை ஊட்ட முற்பட்டது. அவர் வாயைத் திறக்க மறுத்தால், காதுத் துளைக்குள் திணித்துவிடும். நகைப்பாக இருக்கிறது, ஆனால் அந்தப் பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நகைப்பு ஏதுமில்லை. அது தன் வாழ்க்கைத் துணைக்குச் செய்யவேண்டியதைக் குறைவின்றிச் செய்தது.

இதன் உச்சம் டெக்ஸ் என்ற வூப்பிங் கொக்கு. 1941இல் உலகிலேயே இருபதுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் மட்டுமே எஞ்சியிருந்த இனம் அது. டெக்ஸ் ஓர் அமெரிக்க உயிர்க்காட்சிசாலையில் பொரிந்து மனிதர் கையில் வளர்ந்ததால், தன் இனத்து ஆண் பறவைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை; மனித ஆண்களைக் கண்டால் நடனமாடியது. பன்னாட்டுக் கொக்கு அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட், 1976இலிருந்து இனப்பெருக்கப் பருவங்களில் அதன் அருகில் ஒரு கொட்டகையில் தங்கி, கைகளைச் சிறகுகளைப் போல விரித்து, குதித்து, குனிந்து, அதனோடு ஆடினார். அந்த ஆட்டம் இல்லாமல் டெக்ஸ் முட்டையிடும் நிலைக்கே வரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஆடி, செயற்கைக் கருவூட்டலும் பலமுறை செய்து, 1982இல் ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. அடுத்த சில வாரங்களில் ரக்கூன்கள் டெக்ஸைக் கொன்றுவிட்டன. அந்த ஒற்றைக் குஞ்சு 38 ஆண்டுகள் வாழ்ந்து, பல கொக்குகளின் மூதாதையாகி, 2021இல் இறந்தது.

டெக்ஸ் ஆர்ச்சிபால்டை நேசித்ததா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஆனால் அது ஒரு மனிதரை நேசிக்கவில்லை. அவரிடத்தில் ஒரு கொக்கைக் கண்டது. இன்று அந்த இனத்துக் குஞ்சுகளை வளர்ப்பவர்கள், உடல் முழுவதையும் மறைக்கும் வெள்ளை அங்கி அணிந்து, கொக்குத் தலை பொம்மையைக் கையில் மாட்டி ஊட்டுகிறார்கள். குஞ்சின் அருகில் பேசுவதில்லை. டெக்ஸுக்கு நேர்ந்தது மறுபடி நேரக்கூடாது என்பதே காரணம்.

உங்கள் கூகைக்கு வருவோம். கூகைக் குஞ்சுகளிடம் பறவைகளில் அரிதான ஒரு வழக்கம் உண்டு. முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஆகவே ஒரே பொந்தில் பெரியதும் சிறியதுமாகக் குஞ்சுகள் இருக்கும். பெரிய குஞ்சு தனக்குக் கிடைத்த இரையை உண்ணாமல் இளைய குஞ்சுக்குக் கொடுப்பதையும், உடன்பிறப்புகள் ஒன்றையொன்று கோதிவிடுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் காதுமடலைக் கோதியது, எலியை உங்கள் கையில் வைத்துவிட்டு நின்றது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அது உங்களைத் தாயாகக் கருதவில்லை. தனக்குப் பின் பொரிந்த, இன்னும் தானாக உண்ணத் தெரியாத, சற்றுப் பெரிய உருவம் கொண்ட ஒரு தங்கைக் குஞ்சாகக் கருதியிருக்கிறது.

மறுகரை எழுதியது:

மருத்துவர் ஐயா, என் கட்சியை உடைக்க வந்து அதற்கே வலிமை சேர்த்துவிட்டீர்கள். தங்கையாகக் கருதுவது உறவு இல்லையா?

தனிமரம் எழுதியது:

இழை இனிமையாகப் போய்க்கொண்டிருக்கிறது, கெடுப்பதற்கு மன்னியுங்கள். இந்த உறவுகளின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இதுவரை ஒருவரும் பேசவில்லை.

அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில் பதின்மூன்று கோடைக்காலங்கள் பழுப்புக் கரடிகளிடையே வாழ்ந்து, அவற்றுக்குப் பெயரிட்டு, அன்பு சொல்லி, தன்னை அவற்றின் காவலனாகக் கருதிக்கொண்ட டிமோத்தி ட்ரெட்வெல், 2003 அக்டோபரில் ஒரு கரடியால் கொல்லப்பட்டார். உடனிருந்த தோழியும் கொல்லப்பட்டார். அவர்களின் உடல்களை மீட்கச் சென்றவர்கள் அங்கே இரண்டு கரடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். காவலன் வந்திராவிட்டால் அந்த இரண்டு கரடிகளும் அந்தக் குளிர்காலத்தில் உறங்கப் போயிருக்கும்.

நீர்நாய்களை வளர்த்து எழுதிப் புகழ்பெற்ற காவின் மேக்ஸ்வெலின் வீட்டில், ஈடல் என்ற நீர்நாய், உதவிக்கு இருந்த ஒரு சிறுவனின் இரு விரல்களின் பகுதிகளைக் கடித்துத் துண்டித்தது. அதற்குப் பிறகு அந்த விலங்கு பெரும்பாலும் அடைக்கப்பட்டே வாழ்ந்தது. 1968இல் வீடு தீப்பற்றியபோது உள்ளேயே மாண்டது. இதையெல்லாம் அன்பில்லாதவர்கள் செய்யவில்லை. அன்பு நிரம்பியவர்களே செய்தார்கள்.

கூகைத்தோழி தம் பறவையைத் திறந்துவிட்டார். அந்த அளவில் அவரை மதிக்கிறேன். ஆனால் மனிதருக்கு அஞ்சாத கூகை இப்போது வெளியே இருக்கிறது. அடுத்த வீட்டுச் சன்னலில் அது போய் அமர்ந்தால், அந்த வீட்டில் இருப்பவர் எலியைத்தான் நீட்டுவாரா, கல்லையா?

கூகைத்தோழி எழுதியது:

இந்தக் கேள்வி எனக்கும் இரவுகளில் வருவதுண்டு. பதில் இல்லை.

மறுகரை எழுதியது:

தனிமரம் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் விலங்கைப் பிரித்துவிட்டால் விலை குறைந்துவிடுமா? உத்தரப் பிரதேசத்தில், 2022இல், வயலில் கால் முறிந்து கிடந்த ஒரு சாரஸ் கொக்கை ஓர் உழவர் கட்டுப்போட்டுக் காப்பாற்றினார். கூண்டில் அடைக்கவில்லை, கயிற்றில் கட்டவில்லை. அது விரும்பியே அவருடன் இருந்தது. அவருடைய இருசக்கர வண்டிக்கு இணையாகப் பறந்து வந்ததை நாடே பார்த்தது. 2023 மார்ச்சில், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறை அதைக் கொண்டுபோய் முதலில் ஒரு பறவைகள் சரணாலயத்திலும், பிறகு கான்பூர் உயிர்க்காட்சிசாலைக் கூண்டிலும் வைத்தது. சில வாரங்கள் கழித்து அவர் பார்க்கப் போனபோது, முகக்கவசம் அணிந்திருந்தும் அது அவரை அடையாளம் கண்டு கூண்டுக்குள் அங்குமிங்கும் துள்ளியது. சட்டம் காத்தது பறவையையா, சட்டத்தையா?

வயலோரம் எழுதியது:

அந்தக் காணொளியை நானும் பார்த்தேன், நெஞ்சம் கனத்தது. ஆனாலும் துறையின் தரப்பை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஒருவர் வளர்த்துப் புகழ்பெற்றால், அடுத்த பருவத்தில் பத்துப் பேர் கூட்டிலிருந்தே குஞ்சுகளை எடுத்து வருவார்கள்; அவர்களில் ஒன்பது பேருக்கு அந்த உழவரின் பொறுமை இருக்காது. என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. மனிதரோடு இணங்கிவிட்ட பறவையைக் கூண்டில் அடைப்பது அதைக் காட்டுக்குத் திருப்புவதும் ஆகாது, மனிதரிடம் விடுவதும் ஆகாது. வயலிலேயே, அவருடைய பார்வையிலேயே, துறையின் கண்காணிப்போடு விட்டு, அதன் இனத்துப் பறவைகள் வந்துசேரும் காலத்துக்காகக் காத்திருந்திருக்கலாம். சட்டத்துக்குள் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்பதைச் சட்டம் அறிந்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

நெறியாளர்:

விவாதம் கூகைத்தோழியின் கேள்வியைச் சுற்றியே இருக்கட்டும். வளர்ப்பு விலங்குகளை விற்பவர்களின் தொடர்பைக் கேட்டு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

கூகைத்தோழி எழுதியது:

மருத்துவர் ஐயா, உங்கள் கேள்விக்கு நான்கு நாட்களாகப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தப் பின்சுவருக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆள் உயரத்தில், காற்றுக்காக விட்ட சதுரத் துளை. அதன் கீழ்விளிம்பிலிருந்து சுவர் நெடுக வெள்ளை எச்சக் கோடுகள், பழையனவும் புதியனவும். சுவரின் அடியில் செருப்பால் மண்ணைக் கிளறியபோது அந்தக் கரிய உருண்டைகள் காய்ந்து பொடிந்து கிடந்தன, எத்தனை பருவங்களாகவோ. ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் நடந்திருக்கிறேன்.

அன்று மாலை நான் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. அனாதைக் குஞ்சைக் கண்டெடுத்தேன் என்றுதான் இந்த ஓராண்டும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது அனாதையே இல்லை. அதற்கு அண்ணனோ தங்கையோ அந்தத் துளைக்குள் இருந்திருக்க வேண்டும். எலியை எனக்குக் கொண்டுவந்தது. அது உரியவரிடம் போகவேண்டிய எலி.

விலங்கு மருத்துவன் எழுதியது:

நான் அஞ்சியது இதைத்தான். உங்களைக் குற்றவாளியாக்குவதற்காகக் கேட்கவில்லை. ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பொந்திலிருந்து தரையில் விழுந்த கூகைக் குஞ்சைத் தாய் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அங்கேயே விட்டிருந்தால் பட்டினியாலோ பூனையாலோ அது இறந்திருக்கும். எடுத்தது சரி. திருப்பி வைத்திருக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே. மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்று சிறுவயதில் நம் எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள், அது தவறு. மணத்தை வைத்துக் குஞ்சை ஒதுக்கும் பழக்கம் கூகைக்கு இல்லை.

தனிமரம் எழுதியது:

தோழி, முன்பு நான் எழுதியது சற்றுக் கடுமையாகப் போய்விட்டது. மேலே பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதியதற்கு நன்றி.

புதியவன் 7 எழுதியது:

இழையை முழுவதும் படிக்கவில்லை, மன்னிக்கவும், அவசரம். தேடியபோது இந்தப் பக்கம் கிடைத்தது. எங்கள் கிடங்குச் சுவரோரம் வெள்ளைப் பஞ்சு உடம்போடு ஓர் ஆந்தைக் குஞ்சு கிடக்கிறது. முகம் இதயம் போல இருக்கிறது. சீறுகிறது. அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பால் கொடுக்கலாமா?

விலங்கு மருத்துவன் எழுதியது:

பால் வேண்டாம். தண்ணீரையும் வாயில் ஊற்றாதீர்கள். பெட்டியை மூடி, காற்றுக்குத் துளையிட்டு, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். துணியால் பிடித்து, இறக்கை தொங்குகிறதா, கால் ஊன்றுகிறதா, குருதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காயம் இருந்தால் அருகிலுள்ள வனத்துறைக்கோ மீட்பு மையத்துக்கோ உடனே சொல்லுங்கள். இல்லையென்றால், குஞ்சு கிடந்த இடத்துக்கு மேலே சுவரில் துளை தேடுங்கள்.

கூகைத்தோழி எழுதியது:

தம்பி, சுவரில் வெள்ளைக் கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் துளை இருக்கும். ஏணியை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நகம் ஆழமாக இறங்கும். குஞ்சின் முகத்துக்கு நேரே உங்கள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். அதனிடம் பேசாதீர்கள். படம் எடுக்கவேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு தொலைவிலிருந்து பாருங்கள்.

புதியவன் 7 எழுதியது:

காயம் இல்லை. துளை இருக்கிறது, கூரைக்குச் சற்றுக் கீழே. ஏணி எடுக்கப் போகிறோம்.

புதியவன் 7 எழுதியது:

வைத்துவிட்டோம். கையை உள்ளே விட்டபோது இருட்டுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு மூன்று சீறல்கள் ஒன்றாகக் கேட்டன. ஏணியிலிருந்து விழப் பார்த்தேன். இப்போது எதிர்ப்புறம் வண்டிக்குள் விளக்கணைத்து உட்கார்ந்திருக்கிறோம். சற்று முன் ஒரு பெரிய வெள்ளைப் பறவை ஓசையே இல்லாமல் வந்து துளையின் விளிம்பில் நின்றது. அலகில் எலி தொங்கியது. உள்ளே போய், வெறும் அலகோடு வெளியே வந்தது. எந்தக் குஞ்சுக்குக் கொடுத்தது என்று தெரியவில்லை.

கூகைத்தோழி எழுதியது:

எதற்குக் கொடுத்திருந்தாலும் சரி. உள்ளே அவை பகிர்ந்துகொள்ளும். குஞ்சு உங்கள் முகத்தைப் பார்த்ததா?

புதியவன் 7 எழுதியது:

இல்லை அக்கா. தலைக்கவசம் போட்டிருந்தேன்.